வயர்க் கணினிக்கு வைஃபை வழி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் 4ஜி ரவுட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலை, அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவதுதான். கோபுரம் எந்த மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ அதைப் பொறுத்து, இஸ்தோப்பு மூலையிலோ பின்பக்க ஜன்னலிலோ இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். கிடைத்த இடத்தில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். மேசைக் கணினியோ பிளக் பொயின்ட் இருக்கும் அடுத்த காம்பராவில் கிடக்கும். அதில் வைஃபை கிடையாது. பின்பக்கம் லேன் வயர் செருகும் துளை மட்டும் உண்டு. கொமியூனிகேஷன் கடைகளில் உழைக்கும் பழைய பிரின்டர்களும் சிசிடிவி பெட்டிகளும் இதே ரகம்தான்.

வீட்டுக்குள் வயர் இழுக்க வழியிருந்தால் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை லேன் வயரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுப்பதுதான் வில்லங்கம். இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால், மின்னல் நேரடியாக விழ வேண்டும் என்றுகூட இல்லை. அருகில் எங்காவது விழுந்தாலே நீண்ட செம்பு வயரில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகக்கூடும்.

எனவே காற்றுவழி. கடையில் 'பிரிட்ஜ்' என்றோ 'கிளையன்ட் மோட்' என்றோ கேட்டால் ஒரு சிறு பெட்டி தருவார்கள். ஒரு பக்கம் ரவுட்டரின் வைஃபையைப் பிடிக்கும். மறுபக்கம் லேன் துளை. வைஃபையை நீட்டித் தரும் ரிப்பீட்டர்கள் பலவற்றிலும் அந்தத் துளை இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் காற்றில் வருவதை வயருக்கு மாற்றிவிடும் எளிய வேலைதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் அதை அடையாளம் காட்டும், 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. லேன் வயரில் போகும் தரவுப் பொதியில் இரண்டு முகவரிகளே இருக்கும்: அனுப்புபவர், பெறுபவர். வைஃபைக்கான விதிகளை வகுக்கும், 1997இல் வெளிவந்த 802.11 தரத்தின்படி, வைஃபையில் சாதாரணமாக மூன்று இருக்கும். கருவியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் பொதியில் ரவுட்டர், அனுப்பும் கருவி, இறுதியாகப் போய்ச்சேர வேண்டிய இடம் ஆகிய மூன்றும் எழுதப்படும். "காற்றில் அனுப்பியது நான்; ஆனால் உண்மையில் இதை எழுதியது எனக்குப் பின்னால் வயரில் இருக்கும் கணினி" என்று சொல்வதற்கு அங்கே இடமில்லை. பிரிட்ஜ் துணிந்து கணினியின் முகவரியையே போட்டு அனுப்பினால், ரவுட்டர் அந்தப் பொதியை வீசிவிடும். கடவுச்சொல் கொடுத்துச் சேர்ந்தது பிரிட்ஜ்தான்; குறியாக்கச் சாவியும் பிரிட்ஜின் மேக் முகவரியைச் சேர்த்தே உருவாக்கப்பட்டது. கணினியை ரவுட்டருக்கு யாரென்றே தெரியாது.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட குறுக்குவழி சுவையானது. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத தேயிலைத் தோட்டங்களில் எல்லாருடைய கடிதமும் தோட்டத்து முகவரிக்கே வந்து சேரும். உறையிலுள்ள பெயரைப் பார்த்து ஒருவர் பிரித்துக் கொடுப்பார். பிரிட்ஜும் கணினியின் மேக் முகவரியை அழித்துத் தன்னுடையதை எழுதி அனுப்புகிறது. பதில் திரும்பி வந்ததும், உள்ளே இருக்கும் ஐ.பி. முகவரியை (வலையமைப்பில் சேரும்போது கருவிக்கு ஒதுக்கப்படும் எண்) தன் பட்டியலில் தேடி, உரிய வயர்க் கருவிக்குத் தள்ளிவிடுகிறது.

சந்தேகமிருந்தால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். கணினிக்கும் பிரிட்ஜுக்கும் வெவ்வேறு ஐ.பி. முகவரிகள் இருக்கும்; இரண்டுக்கும் நேராக ஒரே மேக் முகவரி நிற்கும். மேக் முகவரியை வைத்துக் குறிப்பிட்ட பிரின்டருக்கு நிலையான ஐ.பி. ஒதுக்கப் பார்ப்பவர்கள் தலையைச் சொறிவது இதனால்தான். அந்த ஐ.பி.யைப் பிரின்டரிலேயே கையால் பதிந்துவிட்டால் தொல்லை தீரும்.

பொதியில் நான்காவது முகவரிக்கும் தரத்திலேயே இடம் உண்டு. அதைப் பயன்படுத்தினால் உண்மையான அனுப்புநரை மறைக்க வேண்டியதில்லை. மிகச் சுத்தமான வழி. ஆனால் இரு முனையும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்திருப்பதால், ஒரே நிறுவனத்தின் பெட்டிகளை இரு பக்கமும் வைப்பது பாதுகாப்பு. சில பெட்டிகள் இந்த வம்பே வேண்டாமென்று, தனக்குப் பின்னால் தனி வலையமைப்பொன்றை அமைத்துவிடும். இணையம் பார்க்க அது போதும். ஆனால் ரவுட்டரோடு இணைந்த கைபேசியிலிருந்து பிரின்டரைத் தேடினால் அகப்படாது. பிரின்டருக்காகப் பெட்டி வாங்குகிறவர்கள் இந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே அலைவரிசையில் ரிப்பீட்டராக வேலை செய்யும் பெட்டி, ஒவ்வொரு பொதியையும் காற்றில் வாங்கி மீண்டும் காற்றிலேயே அனுப்புகிறது. வேகம் ஏறத்தாழப் பாதியாகும். வயர்க் கணினிக்கு மட்டுமே தேவையென்றால், மறு ஒலிபரப்பை நிறுத்திவிடுங்கள். பொதி காற்றில் ஒரு முறை மட்டுமே பயணிக்கும்.

இங்கே எதற்கெடுத்தாலும் பனிமூட்டத்தைக் குற்றஞ்சொல்லும் பழக்கம் உண்டு. வீட்டு வைஃபையைப் பொறுத்தவரை அது வீண்பழி. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், பனித்துளி அதன் முன்னால் ஒன்றுமேயில்லை. சில பத்து மீட்டர் தூரத்தில் மழைகூடப் பொருட்டல்ல. மழையில் நனைந்த மரக்கிளை குறுக்கே நின்றால் வேறு கதை. தகரமோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆகவே தகரத் தடுப்புக்குப் பின்னால் பெட்டியை வைக்காதீர்கள். பழைய லயன்களின் தடித்த கருங்கற் சுவர்களைத் தாண்ட, வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸைவிட 2.4தான் கைகொடுக்கும், வேகம் குறைந்தாலும்.

பெட்டியை பிரிட்ஜாக மாற்றியதும் அதன் அமைப்புப் பக்கம் பழைய முகவரியில் திறக்காமல் போகலாம். பெட்டி பழுதாகிவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் அது முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, மூல ரவுட்டரிடமிருந்து தனக்குப் புது ஐ.பி. ஒன்றை வாங்கியிருக்கும். ரவுட்டரின் பட்டியலில் அந்த முகவரியைத் தேடி எடுத்து, பெட்டியின் அடியில் ஒட்டி வையுங்கள்.