கொண்டுக்துஸ் படும் பாடு

‘நடத்தைப் பாடல்’. மூன்றாம் தடவையாகக் கண்ணில் பட்டுவிட்டது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுப் பேராலயங்களில் பாடப்பட்ட கொண்டுக்துஸ் என்ற இலத்தீன் பாட்டுவகைக்கு இப்படியொரு தமிழ்! ஆங்கிலக் ‘காண்டக்ட்’ போல ஒலிப்பதால், பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதுவார்களே, அந்த நடத்தையை எடுத்துப் பாட்டில் ஒட்டிவிட்டார்கள்.

வேர் எளிது. இலத்தீனில் ‘கொன்’ என்றால் கூட. ‘தூக்கெரெ’ என்றால் அழைத்துச் செல்லுதல். ஆலயத்தில் ஒருவர் நடந்து வரும்போது துணையாகப் போய்க் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பாட்டு. தமிழ்க் ‘கொண்டு’க்கும் இதற்கும் உறவு கிடையாது, நினைவில் வைக்க வசதி, அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட எரிச்சல் தருவது ‘உலாப்பாட்டு’. இதைச் சொல்பவர்கள் தமிழ் படித்தவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல். பவனி வரும் தலைவனைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு மயங்குவதைச் சொல்வது உலா. அதே 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள்மேல் பாடினாரே, அது. பவனியை வருணிப்பது உலா. நடப்பவரின் கூடவே போவது கொண்டுக்துஸ். ஆலயத்தில் மறைநூலை வாசிப்பவர் நூலோடு வாசக மேடைக்குப் போகும் பத்தடிக்குள் முடிகிற பாட்டில் யார் மயங்குவது? ‘ஊர்வலப் பாடல்’ என்பாரும் உண்டு. அங்கே ஊருமில்லை, வலமுமில்லை.

பிரான்சின் போவே நகரப் பேராலயத்தில் நடந்த, விவிலியத் தானியேலின் கதையைச் சொல்லும் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசி அரசனிடம் வரும்போது ஒரு கொண்டுக்துஸ், தானியேல் வரும்போது இன்னொன்று என்று ஏட்டிலேயே தலைப்பிட்டிருக்கிறது. அவ்வூரில் ஜனவரி 1 விழாவுக்குக் கழுதையை அழைத்துவரவும் ஒன்று உண்டு. (கழுதையின் நடத்தை எப்படி என்று மொழிபெயர்ப்பாளரைத்தான் கேட்கவேண்டும்.) மட்டக்களப்புக் கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுவதற்கு என்ன பெயர்? வரவுப் பாட்டு. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு அகராதியைத் துழாவுவானேன்? திருப்பலியின் வருகைப் பாடலோடு குழம்பும் என்றார் ஒருவர். அது பலியைத் தொடங்கிவைப்பது. இது ஆளையோ நூலையோ கொண்டுவந்து சேர்ப்பது. வரவும் வருகையும் தனித்தனிச் சொற்களாகவே இருக்கட்டும்.

ஒரு சிக்கலை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பாரிஸ் நோத்ர் தாமில், பெரோத்தின் என்ற இசையமைப்பாளரின் காலத்தில், இதே பெயரில் இரண்டு மூன்று குரல்களுக்கு அமைத்த பாட்டுகள் பெருகின. மன்னர் மறைவுக்குப் புலம்பல், குருக்களின் பேராசைக்குச் சாடல் என்று பொருளும் விரிந்தது. யாரும் எங்கும் நடக்காத அவற்றை வரவுப் பாட்டு என்றால் பொய். அங்கே கொண்டுக்துஸ் என்றே எழுதிவிடலாம். ‘அல்லேலூயா’வுக்குப் பழகிய நாக்குத்தானே.