வெள்ள முகாமில் சீனி வருத்தக்காரர்

வடகீழ்ப் பருவமழை கொட்டி, மட்டக்களப்பின் கிரான் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விட்டால் அந்தப் பக்கத்துக்கு மருந்தும் படகில்தான் போகவேண்டும். நடமாடும் சிகிச்சைக்குக் கட்டும் பெட்டியில் பனடோல், இருமல் பாணி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி, சிரங்குக் களிம்பு எல்லாம் ஏறும். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) வேண்டிய இன்சுலினும் சீனி பார்க்கும் ஸ்ரிப்பும்தான் பெரும்பாலும் விடுபடுவன. முகாமின் மூலையில் பாயில் சுருண்டு கிடக்கும் பெத்தாவுக்குக் களைப்பு என்று எல்லாரும் நினைப்பார்கள். அது சீனி இறங்கியதாகவும் இருக்கலாம்.

காரணம் எளிது. வீட்டில் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்கு முகாமில் பார்சல் பதினொரு மணிக்கு வரும். அவரோ பழக்கத்தில் ஏழரைக்கே இன்சுலின் ஊசியைப் போட்டுவிடுவார். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற சீனிக் குளிசைகளிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே சாப்பாட்டோடு போடும் ஊசியும் இந்தக் குளிசைகளும் பார்சல் கைக்கு வந்த பிறகுதான். வியர்வை, நடுக்கம், தடுமாறிய பேச்சு தெரிந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், வாகனம் வராத இடமென்றால் படகுக்காரரை. சாப்பாடு இல்லை என்று இன்சுலினை நாட்கணக்கில் முற்றாக நிறுத்துவதும் ஆபத்து. சிறு வயதிலிருந்தே ஊசியில் இருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அளவை எவ்வளவு குறைப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கறன்ற் இல்லாததால் இன்சுலின் பழுதாகிவிடும் என்று வீசிவிடுபவர்கள் உண்டு. தேவையில்லை. திறந்த போத்தல் 30 பாகைக்குள் சுமார் 4 கிழமை தாங்கும். ஒரு மண்முட்டிக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சிறிய சட்டியை இறக்கி, பொலித்தீனில் சுற்றிய போத்தலை அதில் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டவைப்பதுதான் உண்மையான தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. கலங்கலாக இருக்கவேண்டிய கலவை இன்சுலினை உள்ளங்கையில் உருட்டியபின்னும் கட்டிகள் மிதந்தால் அதைப் போடாதீர்கள்.

வயிற்றோட்டம் வந்தால் "இனிப்பு" என்று ஜீவனியை மறுப்பார்கள். ஒரு லீற்றரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. உப்பைக் குடல் உறிஞ்ச அதுவும் வேண்டும். கொதித்தாறிய நீரில் கரைத்துத் தயக்கமில்லாமல் கொடுக்கலாம், 24 மணிநேரம் கடந்தால் மிச்சத்தை வெளியே ஊற்றிவிட வேண்டும். மெட்போமின் என்ற சீனிக் குளிசை குடிப்பவர் வாந்தி, வயிற்றோட்டம் நிற்கும்வரை அதை நிறுத்திவைப்பது நல்லது. உடலில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தோடு சேர்ந்து சிக்கல் தரும்.

இனிக் கால். நரம்பு மரத்துப்போனவருக்கு முள்ளோ ஆணியோ தைத்தது தெரியாது. வயல் வழியே வந்தவரின் இரு பாதங்களையும் அன்றிரவே வேறொருவர் ரோச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரலிடுக்குகளைத் துடைத்து உலரவிட வேண்டும். காயமிருந்தால் சவர்க்காரமும் சுத்தமான ஓடும் நீரும் விட்டு 5 நிமிடமாவது கழுவுங்கள். மஞ்சள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். சேறு புகுந்த காயத்தை அன்றைக்கே இறுக்கித் தைத்தால் உள்ளே சீழ் கட்டும். அதனால்தான் வைத்தியசாலையில் சில நாள் திறந்துவைத்துப் பிறகு தைக்கிறார்கள். கோபிக்க வேண்டாம். கடைசி ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருடம் கடந்திருந்தால் அழுக்குக் காயத்துக்கு மீண்டும் ஒன்று தேவை.

வெள்ளத்துக்குப் பிந்திய காய்ச்சல் என்றால் இங்கே எலிக்காய்ச்சலும் டெங்குவும் உடனே நினைவுக்கு வரும். பனடோல் தவிர்ந்த நோவு மாத்திரைகளை, டைக்குளோபெனாக், புரூபென் போன்றவற்றை, இரண்டுக்கும் தொடக்கூடாது. எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் அல்ல. சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணிநேரம் படுக்காமல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் எரிந்துபோகும்.

ஆனால் அந்தக் குளிசையை நம்பி மெலியோய்டோசிஸ் என்ற நோயை மறந்துவிடுகிறோம். அதைத் தருவது மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் பற்றீரியா. அது மழையோடு மேலே வருகிறது, காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ புகுகிறது. அதற்கு மிகவும் வாய்ப்பான உடல் சீனி வருத்தக்காரருடையது. தண்ணீரில் நின்று பெரும்பாலும் 1 முதல் 21 நாளுக்குள் காய்ச்சலோடு நெஞ்சுச் சளியோ, ஆறாத சீழ்க்கட்டியோ வரும். வழமையான அமொக்சிசிலின் குடித்துப் பார்த்து நாளை வீணாக்குவார்கள். வைத்தியரிடம் முதல் வசனமே "எனக்குச் சீனி, வெள்ளத்தண்ணீரில் நின்றேன்" என்று இருக்கட்டும். இரத்தத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுப்பது அன்ரிபயோற்றிக் தொடங்குவதற்கு முன்னர் நடக்கவேண்டும். உறுதியானால் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி மருந்து, பின் 3 மாதமாவது கோட்ரைமொக்சசோல் குளிசை. வீடு திரும்பி, சேறு அள்ளி, உடம்பும் தேறியவுடன் பலர் இந்தக் குளிசையை இடையில் விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கேதான்.