மாலை ஏழு மணிக்கு இடம்பெயர்ந்த மின்நெருக்கடி

2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 250 கிகாவாட் என்ற, அதுவரை கண்டிராத உச்சத்தைத் தொட்டது. கடும் வெயிலில் பிற்பகலில் எழுந்த அந்தத் தேவையை நிறைவு செய்ததில் சூரிய மின்சாரத்துக்குக் கணிசமான பங்குண்டு. ஆனால் வெயில் தாழ்ந்த பின், வீடுகளில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் இயங்கத் தொடங்கும் வேளையில், தேவை அதிகம் குறையாமலிருக்க, சூரிய உற்பத்தி மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடுகிறது. மின்நிலையங்களையும் மின்கம்பிகளையும் இணைக்கும் மின்தொகுப்பை இயக்குவோரின் நாளில் இன்று மிகக் கடினமான பொழுது இதுதான்.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய அனல் மின்நிலையங்கள் விரும்பியபோது அணைத்து விரும்பியபோது எரிக்கக்கூடியவை அல்ல. குளிர்ந்துபோன கொதிகலனைச் சூடேற்றி மின்சாரம் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். ஆகவே பகலில் மின்சாரம் மிகுந்திருக்கும்போதும் அவை குறைந்த அளவிலாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. அந்த அளவை ஒவ்வொரு உற்பத்தி அலகின் திறனில் 55 சதவீதம் வரை இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. தமிழகத்துக்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தரும் காற்றாலை மின்சாரம் மாலையிலும் இரவிலும் கைகொடுக்கிறது. எஞ்சிய மாதங்களில் அந்தத் துணை பெரிதும் குறைந்துவிடும்.

வெளியில் தெரியாத மற்றொரு மாற்றமும் நடந்து வருகிறது. அனல் நிலையத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வதால்தான் நமக்கு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் அலையும் வேகம், கிடைக்கிறது. எங்கோ ஒரு பெரிய அலகு திடீரென நின்றுபோனால், தொகுப்பில் இணைந்துள்ள மற்ற சுழலிகள் தம் வேகத்தில் சிறிதை இழந்து, அந்த ஆற்றலைக் குறைபாட்டுக்கு ஈடாகத் தருகின்றன. அதிர்வெண் மெல்லவே சரிவதால், மாற்று ஏற்பாடு செய்யச் சில நொடிகள் கிடைக்கின்றன. சூரியத் தகட்டில் சுழலும் பாகம் எதுவுமில்லை; அதன் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மின்னணு முறையில் மாறுமின்சாரமாக்குகிறது. எனவே சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக் கூட, இயல்பாகக் கிடைத்துவந்த அந்தச் சில நொடிகள் சுருங்குகின்றன. 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் நிறுவப்பட்ட 100 மெகாவாட் பேட்டரி நிலையம், நொடியின் ஒரு பகுதிக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதிர்வெண்ணைத் தாங்க முடியும் என்று காட்டியது. இழந்ததை ஈடுசெய்ய வழி இருக்கிறது. ஆனால் அதைத் திட்டமிட்டு வாங்கி வைக்க வேண்டும்.

இந்தச் சூழலில்தான் மின்வாகனங்கள் வருகின்றன. பத்து லட்சம் மின்சார ஸ்கூட்டர்கள் மாலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 750 வாட் இழுத்தால் மொத்தம் 750 மெகாவாட். கமுதியில் 648 மெகாவாட் திறனுடன் அமைந்துள்ள சூரியப் பூங்கா முழுவீச்சில் தருவதைவிட இது அதிகம், அதுவும் அந்தப் பூங்கா ஓய்ந்துவிட்ட வேளையில். அதே ஸ்கூட்டர்கள் நண்பகலில் சார்ஜ் ஏறினால், வாங்க ஆளின்றி நிற்கும் சூரிய மின்சாரத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். வாகனங்களின் எண்ணிக்கையைவிட, அவை செருகப்படும் நேரமே முக்கியம்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். 100 கேவிஏ திறனுள்ள (அதிகபட்சம் சுமார் 100 கிலோவாட் தாங்கும்) ஒன்றின்கீழ் பத்து வீடுகளில் கார்களுக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் பொருத்தி, எல்லோரும் அலுவலகம் முடிந்து வந்ததும் செருகினால், அதுவே 72 கிலோவாட்; மற்ற வீட்டு உபயோகம் அதன் மேல் சேரும். உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி, சுருள்களின் காப்பு நலிந்து, அதன் ஆயுள் குறையும். பகலிலோ நிலைமை தலைகீழ்: மாடிகளில் தகடுகள் நிறைந்த தெருவில் மின்சாரம் வீடுகளிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை நோக்கிப் பாய்ந்து, கடைக்கோடி வீடுகளில் மின்னழுத்தம் உயர்கிறது. ஒருவழிப் பாய்ச்சலுக்கென்று அமைக்கப்பட்ட தெருக் கம்பிகளுக்கு இது புதிய பணி.

பகல் மிச்சத்தை மாலைக்குக் கொண்டு செல்லும் முறை நமக்குப் புதிதல்ல. கோவை மாவட்டத்தின் காடம்பாறை நிலையம், மின்சாரம் மிகும்போது மேல் ஆழியாறு நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது இறக்கி 400 மெகாவாட் வரை தருகிறது. அத்தகைய நிலையங்கள் நமக்கு இன்னும் அதிகமில்லை. ஆகவே விலையின் வழியே நேரத்தை மாற்ற வேண்டியுள்ளது: 2023இல் திருத்தப்பட்ட மத்திய விதிகள், சூரிய வேளைக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் பகலில் வண்டி நிற்கும் இடம் வீடு அல்ல. அலுவலகம், கல்லூரி, தொழிற்பேட்டை, ரயில் நிலைய வாகன நிறுத்தம் ஆகிய இடங்களில் எளிய சார்ஜ் முனைகள் இல்லாதவரை இந்தச் சலுகையால் பயனில்லை. நெடுஞ்சாலை அதிவேக நிலையங்களுக்குத் தரும் முக்கியத்துவத்தை இவற்றுக்கும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு அடுத்த படி, 40 யூனிட் பேட்டரி கொண்ட கார் மாலையில் பத்து யூனிட்டைத் திருப்பித் தருவது. இதற்கு இருதிசைச் சார்ஜரும், கொடுத்ததையும் வாங்கியதையும் தனித்தனியே பதியும் மீட்டரும், பேட்டரியின் தேய்மானத்துக்கு ஈடான விலையும் வேண்டும். அந்த விலை எவ்வளவு என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் நிர்ணயித்தால்தான் உரிமையாளர்கள் முன்வருவார்கள்.