அந்த வாரைத் தளர்த்தாதீர்கள்

துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கில் ஏற வருகிற ஒவ்வொருவருக்கும், கரையில் நிற்கவைத்து லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிவிடுகிறோம். கயாக்கில் ஏறிய சில நிமிடங்களுக்குள் பாதிப் பேர் அதைத் தளர்த்திவிடுகிறார்கள். பாறை ஏறுவதிலும் இதே கதைதான். கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னெஸ் இடுப்பை அழுத்துகிறது என்பார் ஒருவர், தாடை வார் உறுத்துகிறது என்பார் இன்னொருவர், போட்டோவுக்காக ஹெல்மெட்டையே கழற்றிவிடுவார் மூன்றாமவர். முதல் தடவை வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஏன் தளர்த்தினீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "எனக்கு நல்லா நீச்சல் தெரியுங்க."

தெரியட்டும், நல்லதுதான். ஆனால் நீங்கள் நீந்திப் பழகிய குளத்தில் அலை அடித்திருக்காது, நீரோட்டம் இழுத்திருக்காது. களைத்தால் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இருந்திருக்கும். இங்கே நீங்கள் சட்டை, ஷூ, ஹெல்மெட்டோடு, எதிர்பாராத ஒரு கணத்தில் கவிழ்ந்து விழப்போகிறீர்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், விழுந்த கணமே உடம்பு தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். முகம் அப்போது தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. அதன்பின் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு உங்கள் சொல்பேச்சு கேட்காது. எத்தனை பதக்கம் வாங்கியவருக்கும் இதுதான் நடக்கும். பத்து நிமிடம் போனால் விரல்கள் மரத்துப்போய், எறிந்த கயிற்றைக்கூடப் பிடிக்க வராது. குளிர்ந்த நீரில் இறப்பவர்களில் பலர் உடல் வெப்பம் குறைந்து இறப்பதில்லை, அதற்கு வெகு முன்பே மூழ்கிவிடுகிறார்கள்.

வெதுவெதுப்பான கடலானால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். பாறையில் மோதித் திரும்பும் அலை வெள்ளையாக நுரைக்கிறதே, அதில் நிறையக் காற்று கலந்திருக்கிறது. நுரைத்த நீருக்கு உங்களைத் தாங்கும் சக்தி குறைவு, கை வீசினாலும் உந்த எதுவும் அகப்படாது. அடுத்த அலை உங்களைத் தூக்கிப் பாறையில் அடிக்கும். தலையில் ஓர் அடி பட்டால் கற்ற நீச்சல் எதற்கும் உதவாது.

துடுப்புப் போடவும் பாறையோரம் நீந்தவும் நாங்கள் தரும் ஜாக்கெட் பெரும்பாலும் 50 நியூட்டன் வகை. அதாவது கிட்டத்தட்ட 5 கிலோ தூக்கும் விசை. 80 கிலோ ஆளுக்கு 5 கிலோ எப்படிப் போதும் என்று சிலர் வாதாடுகிறார்கள். தண்ணீருக்குள் உடம்பின் எடையில் பெரும்பகுதியை நீரே சுமக்கிறது. தலையை வெளியே வைக்கத் தேவைப்படும் அந்த மிச்சத்துக்கு இது போதும். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நினைவிழந்தவரை முகம் மேலாகத் திருப்பிப்போடும் வேலையை இந்த வகை செய்யாது. அதற்கு 150 நியூட்டன் வகை வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு நீந்துவது பெரும்பாடு. இரண்டாவது, வார் தளர்ந்திருந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போவீர்கள். கட்டி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேல் ஏறி வந்தால் இன்னும் இறுக்குங்கள். குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் வார் கட்டாயம்.

கவிழ்ந்துவிட்டால் உடனே நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். கயாக்கை விடாதீர்கள். கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும் நாளில், கரையோரம் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும். அதை நம்பித் தனியாக விலகிப் போகிறவர்களைத்தான் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பாறைக்கு வருவோம். ஹார்னெஸின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால், தலைகீழாகத் தொங்கும்போது உடம்பு உருவிக்கொண்டு வந்துவிடும். அழுத்துகிறது என்று நீங்கள் தளர்த்துவது இந்தப் பட்டையைத்தான். தொடை வளையத்துக்குள் விரித்த கை நுழையலாம், முஷ்டி திரும்பக் கூடாது. கயிறு, ஹார்னெஸ் தயாரித்தவர் குறித்திருக்கும் இரண்டு கண்ணிகளிலும் நுழைந்து, 8 வடிவ முடிச்சாகத் திரும்பி, குறைந்தது 10 செ.மீ. வால் மிஞ்ச வேண்டும். மோதிரத்தைக் கழற்றுங்கள். பாறை விளிம்பில் மோதிரம் மாட்டிக்கொண்டு கால் வழுக்கினால், விரலின் தோல் சதையோடு உரிந்து வரும். சொல்ல நன்றாக இல்லை, பார்க்க அதைவிட மோசம்.

"மேலிருந்துதான் கயிறு வருதே, விழுந்தா என்ன?" என்ற நினைப்பும் உண்டு. ஏறும் கயிறு அதிர்ச்சியைத் தாங்குவதற்காகவே நீளும்படி நெய்யப்பட்டது. 20 மீட்டர் உயரப் பாறையில், நீங்கள் அடியில் நிற்கும்போது மேலே போய்த் திரும்பிவரும் கயிறு 40 மீட்டர். உங்கள் எடைக்கு அது 7, 8 விழுக்காடு நீண்டால் 3 மீட்டர் ஆகிவிடுகிறது. மேலே உராய்வு கொஞ்சம் குறைத்தாலும், முதல் இரண்டு மூன்று மீட்டருக்குள் வழுக்கினால் தரையைத் தொட்டுவிடுவீர்கள். அதனால்தான் தொடக்கத்தில் பெலே பிடிப்பவர், அதாவது கீழே நின்று உங்கள் கயிற்றைக் கட்டுப்படுத்துபவர், அதை விறைப்பாக இழுத்து வைக்கிறார். அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கீழே கற்களோ பைகளோ கிடந்தால் அகற்றுங்கள். பெலே உங்கள் கையில் இருந்தால், பிரேக் கை (விழுபவரைத் தடுத்து நிறுத்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை) எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக் கூடாது, கைப்பேசி அடித்தாலும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் ஒருவரை ஒருவர் தொட்டுப் பாருங்கள்: பக்கிள், முடிச்சு, பெலே கருவி, காரபைனர் என்னும் உலோகக் கொக்கியின் பூட்டு.

கடலோரப் பாறையில் ஏறுகிறீர்கள் என்றால் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கயிறு மாட்டப் பாறையில் பதித்திருக்கும் இந்த போல்ட் எந்த உலோகம்? உப்புக்காற்றில் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் விரிசல் விட்டு, வெளியே பளபளவென்றே இருக்கும். டைட்டானியம் போல்ட்டுகள் இதற்காகத்தான். கேட்டால் கோபப்படும் வழிகாட்டியோடு ஏறாதீர்கள்.

பாறையிலிருந்து கடலில் குதிப்பது தனி வகை. 5 மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறீர்கள், 10 மீட்டரிலிருந்து 50. காலையில் ஒருவர் குதித்த இடத்தில் மதியம் ஆழம் இருக்கும் என்று யார் சொன்னது? ஓதம் 6 மணி நேரத்தில் 4 மீட்டர் வற்றும் கடலில், நடுவில் வரும் 2 மணி நேரத்தில் மட்டுமே ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். ஒவ்வொரு தடவையும் வழிகாட்டி இறங்கி ஆழம் பார்த்த பிறகே, கால் முதலில், தலைகீழ் டைவ் கூடவே கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உடல்நிலைப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வலிப்பு, இதயக் கோளாறு, விலகிய தோள்மூட்டு, கர்ப்பம், நேற்று இரவு குடித்தது எதுவானாலும் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் போதும், பெரும்பாலும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம், வழியைத்தான் மாற்றுவோம். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரை வண்டியில் விட்டுவிட்டு வராதீர்கள். தண்ணீர் புகாத பையில் போட்டு எங்களிடம் கொடுங்கள், அது எந்தப் பையில் இருக்கிறது என்பதைக் கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.