கொக்கி இல்லாத ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்துவது எது?

வழக்கமான சாலை சைக்கிள் ரிம்மைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், இரு சுவர்களின் உச்சியிலும் உள்நோக்கி மடங்கிய சிறு கொக்கி தெரியும். டயர் விளிம்பில் ஓடும் கெட்டியான வளையமான பீட், காற்றழுத்தத்தில் மேலேற முயலும்போது அதில் மாட்டிக்கொள்ளும். கொக்கியில்லா ரிம்மில் சுவர் நேராக நிற்கிறது. கார்பன் ரிம்மை வார்ப்பது இதனால் எளிது. சுவரும் தடித்து, அடியைத் தாங்கும். ஆனால் டயரைக் காப்பது பீட்டின் நீளாத தன்மையும், அது உட்காரும் மேடையின் துல்லியமான விட்டமும் மட்டுமே.

30 மி.மீ அகல டயரில் 5 பார் (பார் என்பது காற்றழுத்த அலகு) காற்று இருந்தால், தோராயக் கணக்கில் பீட்டின் மீதுள்ள இழுவிசை சுமார் 200 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பீட் சற்றே நீண்டாலும் டயர் சுவரைத் தாண்டிக் கழன்றுவிடும். கொக்கியில்லா சாலை ரிம்முக்கு 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ., என்ற உச்சவரம்பு அதனால்தான். டயரிலும் ரிம்மிலும் வெவ்வேறு எண் இருந்தால் குறைந்ததே செல்லும். வரம்பைத் தொட்டு நிற்பதும் நல்லதல்ல: 20 டிகிரியில் 5 பார் அடித்த டயர் 40 டிகிரியில் ஏறத்தாழ 5.4 பார் காட்டும். பம்ப்பின் அளவுமானி பொய் சொல்வது வேறு கதை.

சாதாரண டயர் இதில் கூடவே கூடாது. உள்ளே டியூப் போட்டாலும் டயர் டியூப்லெஸ் வகையாகவே இருக்கவேண்டும். ரிம் தயாரிப்பாளரின் பட்டியலில் அந்த டயரின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அகலமும் முக்கியம். 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது டயர் ரிம்மிலிருந்து கழன்று கிடந்தது. அவர் ஓட்டியது 25 மி.மீ உள் அகல ரிம்மில் 28 மி.மீ டயர், அந்த ரிம்முக்கு இன்றைய பரிந்துரை குறைந்தது 29 மி.மீ. உங்கள் எடைக்கு 5 பார் போதவில்லை என்றால் காற்றைக் கூட்டாதீர்கள், அகலமான டயருக்கு மாறுங்கள்.

மாட்டும்போது பீட்டில் சோப்பு நீர் தடவி, பிளாஸ்டிக் லீவர் மட்டும் பயன்படுத்துங்கள். இரும்பு லீவர் பீட்டின் இழைகளை வெட்டிவிடும். வெட்டு வெளியே தெரியாது. ‘டப்’ என்று உட்காரவில்லை என்பதற்காக 5 பாரைத் தாண்டக் கூடாது. காற்றை இறக்கி, மீண்டும் சோப்பு நீர் தடவுங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றி, டயர் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்தால் பீட் அங்கே மேடை ஏறவில்லை.

கைமாறி வந்த சக்கரத்தின் ரிம் எந்த வகை என்று தெரியாவிட்டால், டயரைக் கழற்றி சுவரின் உட்புறத்தில் நகத்தை அடியிலிருந்து மேலே ஓட்டுங்கள். கொக்கி இருந்தால் நகம் தட்டும்.