குட்டிப் பல்லி ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது?

"மகனுக்கு லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக் குட்டி ஒன்று வாங்கினோம். நாலு நாளாகிறது, ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை. செத்துவிடுமோ?" என்று கனடாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சாகாது. அதன் வாலைப் பாருங்கள். குண்டாக இருந்தால் அதற்குள் கொழுப்பு சேர்த்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். போதாததற்கு, ஒரே எடையுள்ள சுண்டெலிக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பல்லிக்குப் போதும். எலி தின்பதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிவிடும். பல்லிக்கு அந்தச் செலவு கிடையாது, சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

அதன் பசியும் இந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. இரையை உடைக்கும் நொதிகளும் சரி, அதைக் குடலில் தள்ளிக்கொண்டு போகும் தசைகளும் சரி, உடம்பு போதிய சூட்டில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த வயிற்றில் விழுந்த பூச்சி செரிக்காமல் கிடந்து கெட்டுப்போகும், கடைசியில் கக்கவும் நேரிடும். அதனால் குளிரில் இருக்கும் பல்லி இரையை ஒதுக்குவதை முரண்டு என்று நினைக்க வேண்டாம். செரிக்க முடியாததை அது உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, இந்தப் பல்லி சூட்டை வாங்கும் விதம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் வறண்ட பாறைச் சரிவுகள்தான் இதன் சொந்த ஊர். ஓணானைப்போல உச்சி வெயிலில் காய்வது இதற்குப் பழக்கமில்லை. பகலெல்லாம் கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, இருட்டிய பின்தான் வேட்டைக்குக் கிளம்பும். வெயில் போய் வெகு நேரமான பிறகும் நம் மொட்டை மாடித் தளம் காலைச் சுடுமே, அதேபோலப் பாறையும் பகல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பல்லி அதன்மேல் வயிறு படியப் படுத்துக்கொள்ளும். அடிவயிற்றுத் தோல் மெல்லியது, அதை ஒட்டியே குடல். சூரியன் பகலில் கொடுத்த சூடு, ராத்திரியில் செரிமானம் நடக்கும் இடத்துக்கே நேராகப் போய்ச் சேர்கிறது!

ஆகவே கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், மறுபக்கம் 25 வாக்கில். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒரே ஒரு மறைவிடத்தைக் குளிர்ந்த பக்கம் வைத்தால், பயந்த குட்டி சூட்டை விட்டுவிட்டு மறைவைத்தான் தேர்ந்தெடுக்கும். வெப்பமானியைச் சுவரில் ஒட்டாமல் தரையில் வையுங்கள். தரையைச் சூடாக்கும் ஹீட் மேட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும்.

அப்புறம், ஒரு வாரமாவது தூக்கிக் கொஞ்சாதீர்கள். பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிடித்தால் பயத்தில் வாலை உதிர்த்துவிடக்கூடும், சேமிப்பெல்லாம் அதோடு போய்விடும். மாலையில் அதன் இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றிரண்டைக் கால்சியம் பொடியில் புரட்டி விடுங்கள். பசி வந்தால் தெரிந்துவிடும்: தலையைத் தாழ்த்தி, அசையாமல் பார்த்து, வால் நுனியை மட்டும் நெளித்துவிட்டு ஒரே பாய்ச்சல். தின்னாத பூச்சியை ராத்திரி எடுத்துவிடுங்கள், அது பல்லியைக் கடிக்கும்.

வால் மெலிந்தாலோ, சமையலறைத் தராசில் வாராவாரம் எடை குறைந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். குடலில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருந்தாலும் இப்படி ஆகும்.

இதன் நெருங்கிய உறவுகள் இந்தியாவிலும் உண்டு. மத்திய இந்தியாவின் சாத்புரா மலைப் பகுதியில் ஒன்று 2014-இலும், ஒடிசா, ஆந்திரப் பகுதியில் ஒன்று 2022-இலும்தான் தனி இனமாக அறிவியலில் பதிவாயின. கொடிய விஷம் என்று நம்பி, கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். விஷமுள்ள கெக்கோ வகைப் பல்லி உலகில் எங்குமே இல்லை. புலிக்கும் யானைக்கும் பணம் ஒதுக்குகிறோம், நல்லதுதான். ஆனால் டார்ச் லைட்டோடு இரவில் பாறை பாறையாகத் தேடிப் பல்லிகளைப் பதிவு செய்யும் இளம் ஆய்வாளர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். பெயர்கூட வைக்கப்படாத இனத்தை எந்தச் சட்டத்தில் சேர்த்துக் காப்பாற்றுவது?