நகத்தளவு பீங்கானும் மயிரிழை இடைவெளியும்

வவுனியாப் பக்கத்தில் யாராவது சிரிக்கும்போது கையால் வாயை மறைத்தால், உடனே நாணம் என்று நினைத்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரின் வேலையாகவும் இருக்கலாம். உலர்வலயத்தில் பாறைக்குள்ளிருந்து வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைட்டு கூடுதல். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வெயிலில் வேலை செய்து குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும் எங்களுக்கு அந்த எல்லையே தாராளம். முரசுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல்லின் வெளியுறையான எனாமல் சரியாக இறுகுவதில்லை. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிய பல் முளைக்கும். பிறகு அந்த நுண்துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிவிடும். எவ்வளவு துலக்கினாலும் போகாது.

ஓமந்தைப் பக்கம் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த என் தங்கையின் மகளுக்கும் இதே கதைதான். வெளிறச் செய்தார்கள், மேற்பரப்பை நுண்ணியதாகத் தேய்த்தும் பார்த்தார்கள். பல பற்கள் தேறின. மேல்வரிசையின் நடு இரண்டு பற்கள் மட்டும் மசியவில்லை. அதன் பிறகுதான் வெனியர் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஒழுங்கு சரியானது. ஒருமுறை சீவிய எனாமல் திரும்ப வளராது.

வெனியர் என்பது பல்லின் முகத்தில் ஒட்டும் ஒரு பீங்கான் ஓடு. தடிப்பு 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட கைவிரல் நகத்தின் தடிப்பு. இதைத் தொடக்கிவைத்தவர் கலிபோர்னியாவின் சார்ள்ஸ் பிங்கஸ். 1930க்கு முன்பின்னாக ஹொலிவூட் நடிகர்களுக்கு, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவைக்கும் ஓடுகளைச் செய்து கொடுத்தார். நிரந்தரமாக ஒட்ட அப்போது வழி இருக்கவில்லை. 1955 இல் மைக்கேல் புவனகோர், பொஸ்போரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அதேபோல் அரித்து ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். இதில் எங்கள் ஊர்ப் பல்லுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு: புளோரைட்டு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் அசையாது. அதனால் வைத்தியர் அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும், அல்லது முதலில் மேற்பரப்பைச் சற்று உராய்ந்துவிட வேண்டும்.

ஒட்டும் வழி தெரிந்துவிட்டால் மிச்சம் பொருத்தம். ஓட்டுக்கும் பல்லுக்கும் இடையே எஞ்சும் வெளியை ரெசின் பசை நிரப்புகிறது. பசை இறுகும்போது சுருங்கும். வாய்க்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது தேயும். தேநீர், வெற்றிலை நிறத்தை இழுக்கும். பல் வெள்ளையாக இருக்க, முரசோரம் மட்டும் பழுப்புக் கோடு ஓடுவது இதனால்தான். மெல்லிய பீங்கானுக்குப் பின்னால் தடித்த பசை இருந்தால் பீங்கானே வெடிக்கக்கூடும். விளிம்பில் 120 மைக்ரோன் (மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) வரையான இடைவெளியை ஏற்கலாம் என்று மக்லீன், வொன் பிரவுன்ஹோபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1971 இல் சொன்ன அளவையே இன்றும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். மேல் நடுப்பல்லின் அகலம் சுமார் எட்டரை மில்லிமீற்றர். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழைத்தாலே 85 மைக்ரோன் போய்விடும்.

பசையால் அச்சு எடுத்து வார்க்கும் பழைய முறையில் இந்தப் பிழை எப்படிக் கட்டுப்படுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குயவரிடம் கேட்டுப் பாருங்கள்: ஒரு சாண் வாயுள்ள பானை வேண்டுமென்றால் சக்கரத்தில் ஒரு சாணுக்கு மேலேதான் வனைவார். காயும்போதும் சூளையிலும் மண் சுருங்கும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். பல் ஆய்வுகூடத்திலும் இதே கணக்குத்தான், சங்கிலியாக நீள்கிறது. சிலிக்கோன் பசையால் அச்சு எடுத்தால் அது கொஞ்சம் சுருங்கும். அதற்குள் வார்க்கும் ஜிப்சம் சாந்து இறுகும்போது கொஞ்சம் விரியும். அந்தச் சாந்துப் பல்லின்மேல் மெழுகில் அந்த ஓட்டின் வடிவத்தைச் செய்து, சூட்டைத் தாங்கும் சாந்துக்குள் புதைத்து, மெழுகை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் 900 பாகை செல்சியஸுக்கு மேல் இளகிய கண்ணாடிப் பீங்கானை அழுத்துகிறார்கள். ஆறும்போது பீங்கான் சுருங்கும். அதற்கு ஈடாகத்தான் அச்சுச் சாந்து முன்கூட்டியே விரிந்திருக்கும். ஐம்பொன் சிலை வார்ப்பவருக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பொருளின் சுருக்கத்தை இன்னொன்றின் விரிவால் கழிக்கும் கலை இது. தண்ணீரும் சாந்துத்தூளும் கலக்கும் விகிதத்தில் கை தவறினால் கழித்தல் கணக்கு கூட்டலாகிவிடும்.

மருமகளுக்கு முதலில் அச்சு எடுத்த இடத்தில் அதுதான் நடந்தது, ஆனால் வேறு விதமாக. உதவியாளர் சிலிக்கோனின் இரண்டு நிறப் பசைகளையும் உருட்டிப் பிசைந்து தட்டில் வைத்துக் கொடுத்தார். வாயிலிருந்து எடுத்தபோது உள்ளே இறுகியிருந்தது, மேற்பரப்பு மட்டும் பலாப்பால் போல் விரலில் ஒட்டியது. குற்றவாளி அவர் போட்டிருந்த இரப்பர் கையுறை. லேற்றெக்ஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பசையை இறுகவைக்கும் பிளாற்றினம் ஊக்கியை முடக்கிவிடும். முரசோரக் கோடு பதிய வேண்டிய இடமெல்லாம் குழம்பிப் போயிருந்தது. கையுறையை மாற்றிப் பிசைந்திருந்தால் முடிந்திருக்கும் விடயம். அவர்களோ பசை பழசு என்றார்கள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஸ்கேனர் இருந்தது. பல்லைக் கணினியில் பிடிக்கும் எண்ணம் பிரான்ஸின் பிரான்சுவா டூரேக்கு 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1985 இல் சூரிச்சில் வேர்னர் மோர்மனும் மார்கோ பிரன்டெஸ்டினியும் நோயாளி கதிரையில் இருக்கும்போதே பல்லின் குழிக்கு ஒரு பீங்கான் அடைப்பைக் கடைந்து பொருத்திக் காட்டினார்கள். இன்றைய ஸ்கேனர் தடித்த பேனை போன்றது. பல்லின்மேல் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கணிக்கிறது. சின்னச் சின்னப் படங்களாக எடுத்து ஒன்றோடொன்று தைக்கிறது. தையலுக்குத் தையல் சிறு பிழை சேரும். முழு வரிசைக்கும் எடுத்தால் அது கவனிக்க வேண்டிய அளவு, இரண்டு பல்லுக்கோ பொருட்டல்ல.

ஆனால் ஒளிக்கு ஒரு குறை உண்டு: தான் காணாததை அது பதியாது. சிலிக்கோன் பசை முரசோரத்தில் ஈரத்தைக் கொஞ்சமாவது நெருக்கி ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஸ்கேனரோ எச்சிற் படலத்தையே பல் என்று நம்பிவிடும். டொக்டர் முரசுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய நூலைச் செருகி, முரசை விலக்கி, உலர்த்திவிட்டுத்தான் தொடங்கினார். இடப்பக்கப் பல்லோரம் துளி இரத்தம் கசிந்ததும் நிறுத்திவிட்டார்.

“ஏன் டொக்டர், திரையில் நன்றாகத்தானே தெரிகிறது?” என்று தங்கை கேட்டார்.

“தெரிவது இரத்தம் அம்மா, பல் இல்லை” என்றார் அவர்.

வடிவமைத்த பிறகு கடைசல் இயந்திரம் பீங்கான் கட்டியைச் செதுக்கும். அந்தக் கட்டி அப்போது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பளிங்காக்கம் முழுமையடையாத, மென்மையான நிலை அது. செதுக்கியபின் 850 பாகை அளவில் சூடேற்றினால் பல்லின் நிறமும் முழுப் பலமும் வரும், சுருக்கமோ மிகச் சொற்பம். சிக்கல் செதுக்கும் முனையில் இருக்கிறது. அதைவிடக் குறுகலான மூலைக்குள் அது நுழையாது. அதனால் மென்பொருள் அந்த இடத்தில் வேண்டியதைவிடக் கூடுதலாகக் குடைந்துவிடும், பசை அங்கே தடிக்கும். 0.3 மில்லிமீற்றர் விளிம்பு இயந்திர அதிர்வில் பொடியாவதும் உண்டு. மெழுகை இளக்கி வார்ப்பவருக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

இந்த இரண்டில் எது நன்றாகப் பொருந்தும்? கவனமாகச் செய்தால் இரண்டுமே அந்த 120 மைக்ரோனுக்குள் நிற்கும். மைக்ரோன் கணக்கைக் காட்டி ஸ்கேனரை விற்பவர்களிடம் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வன்னியில் இருந்து பார்த்தால் அதன் பெறுமதி வேறு: தூரம். இங்கே எடுத்த அச்சு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ ஏ-9 வீதியில் பார்சலாகப் போக வேண்டும். தண்ணீரில் குழைத்து எடுக்கும் மலிவான அல்ஜினேற் அச்சென்றால் பஸ்ஸின் வெக்கையில் நீரிழந்து மாங்குளம் தாண்டுமுன்பே வடிவம் மாறத் தொடங்கிவிடும். சிலிக்கோன் நாட்கணக்கில் தாங்கும். ஆனால் விளிம்புக் கோடு சரியில்லை என்று ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தால் பிள்ளை இன்னொரு நாள் விடுப்பெடுத்து வர வேண்டும். அன்று ஸ்கேனர் எடுத்த கோப்பு கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போய், “இடப்பல்லில் நடுவிளிம்பு தெளிவில்லை” என்று தொலைபேசி வந்தபோது மருமகள் கதிரையை விட்டு எழும்பவில்லை. இரத்தம் நின்றபின் அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பினார்கள்.

பீங்கான் ஓட்டை இயந்திரத்தால் செதுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கொழும்பு ஆய்வுகூடத்துத் தொழில்நுட்பவியலாளர். கணினியில் வடிவமைத்து, மெழுகு போன்ற ரெசினில் அச்சிட்டு, மிச்சத்தைப் பழைய வழியிலேயே புதைத்து எரித்துப் பீங்கானை அழுத்தினார். அளவு ஒளியினுடையது, விளிம்பு நெருப்பினுடையது. இப்போது பல ஆய்வுகூடங்கள் இப்படிக் கலந்துதான் செய்கின்றன.

ஒட்டிய அன்று டொக்டர் கடைசியாக இரு பற்களுக்கிடையே நூலை இறக்கி, ஓரத்தோடு வழித்து மேலே எடுத்தார். எங்காவது விளிம்பு பிதுங்கியிருந்தால் நூல் சிம்பு சிம்பாகும். முழுதாகவே வந்தது. இடப்பல்லுக்கு மட்டும் புது நூல் எடுத்து இன்னொரு முறை இறக்கினார்.